களப்புக்கும் ஆற்றுவாய்க்கும் பெய்ட்காஸ்டர்: றீலும் நூலும் தெரிவு செய்யும் விதம்

பெய்ட்காஸ்டர் என்பது தடியின் மேற்பக்கம் பூட்டும் றீல்; வீசும்போது அதன் ஸ்பூல், அதாவது நூல் சுற்றிய உருளை, தானே சுழன்று நூலை விடும். அதற்குப் புதிதாக வருகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சிட்ட பெயாரிங் எண்ணிக்கையை. அதை வைத்து றீலை வாங்கி, பிறகு அதற்கு ஒரு நூலைத் தேடி, கடைசியில் கையில் கிடைத்த லூரை, அதாவது செயற்கை இரையை, கட்டி வீசுகிறார்கள். ஒழுங்கு இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். எந்த மீனுக்கு, எவ்வளவு பாரமான லூரை, எந்த இடத்தில் வீசப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். நூலின் தடிப்பு அதிலிருந்து தெரியவரும். நூலின் தடிப்பு தெரிந்தால் ஸ்பூலின் அளவு தெரியும். எந்தக் கம்பனி, எந்த மொடல் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

நம் பக்கத்து நீரை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். வடக்கே பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும் கடலோடு சேர்கிறது. அதற்கு வடக்கே வாழைச்சேனையும் பனிச்சங்கேணியும். தெற்கே ஒலுவில் துறைமுகக் கல்லணை, கோமாரி, பொத்துவில், அறுகம்பை. லூருக்கு வரும் பெரிய மீன்கள் கொடுவா, செப்பலி, பாரை, கலவாய், சீலா. இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு: மீன் நிற்கும் இடத்தில் நூலை அறுக்கும் பொருளும் நிற்கும். கண்டல் வேர், வலை கட்ட நட்ட கம்பு, பாலத்தூணில் ஒட்டிய சிப்பி, கல்லணையின் முனை. கொடுவாவும் செப்பலியும் லூரைக் கௌவியவுடனே அதற்குள்தான் ஓடும். முதல் இரண்டு மூன்று மீற்றரில் திருப்பாவிட்டால் மீன் இல்லை. பெய்ட்காஸ்டர் இங்கே பயன்படுவது அதனால்தான். தடித்த நூலைச் சிரமமில்லாமல் எடுத்துக்கொள்ளும், பெருவிரல் எந்நேரமும் ஸ்பூலின் மேலேயே இருக்கும், இழுவையில் கியர் நேராக வேலை செய்யும்.

எல்லாவற்றுக்கும் இது சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 7 கிராமுக்குக் குறைந்த லூர், சின்ன மிதவையோடு உயிர் இறால், எதிர்க்காற்றில் பாரமில்லாத இரை, இவற்றுக்கு வீசும்போது ஸ்பூல் சுழலாத ஸ்பின்னிங் றீல்தான் நல்லது. பெய்ட்காஸ்டரில் லூரின் பாரமே ஸ்பூலைச் சுழற்றுகிறது. பாரம் போதாவிட்டால் ஸ்பூல் ஒழுங்காகக் கிளம்பாது. 3 முதல் 5 கிராம் வரை வீசுவதற்கென்றே மெல்லிய ஸ்பூல் போட்ட றீல்களும் வருகின்றன. ஆனால் அவை மெல்லிய நூலுக்கானவை, கண்டலுக்குள் ஓடும் கொடுவாவை மறிக்க அவற்றால் முடியாது. 10 முதல் 28 கிராம் வரையான லூர்தான் சாதாரண பெய்ட்காஸ்டருக்கு வசதியான பாரம்.

றீலில் பார்க்க வேண்டியவை

முதலில் சட்டம். அலுமினியச் சட்டம் வளையாது. நல்ல பூச்சு இருந்தால் உப்பையும் தாங்கும். கிராபைட் சட்டம் துருப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் பெரிய மீன் இழுக்கும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அப்போது கியர்ப் பற்கள் சரியாகப் பொருந்தாமல் அரையும். மக்னீசியச் சட்டம் கையில் பஞ்சு போல இருக்கும், அதில் ஏமாற வேண்டாம். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அந்த இடத்திலிருந்து உப்பு தின்னத் தொடங்கிவிடும். அது நன்னீருக்கான சாமான்.

பெயாரிங்கைப் பொறுத்தவரை, உப்புநீருக்கென்று மூடிபோட்டு வரும் ஐந்து, மூடியில்லாத பத்தைவிட நீண்ட நாள் ஓடும். ஷிமானோவில் எஸ் ஏ-ஆர்பி என்றும் டைவாவில் சிஆர்பிபி என்றும் எழுதியிருந்தால் துரு எதிர்ப்புப் பெயாரிங் என்று பொருள். மொத்தம் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஸ்பூலின் இரு பக்கத்திலும் அந்த வகைதானா என்று கேளுங்கள்.

பிறேக் இரண்டு வகை. ஸ்பூல் சுழலும் வேகத்தில் சின்னக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு உரசுவது ஒன்று; காந்தத்தால் பிடிப்பது மற்றது. இரண்டும் நல்லவைதான். எங்கே நின்று அதை மாற்றப் போகிறீர்கள் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். சில உரசு பிறேக்குகளை மாற்றப் பக்க மூடியைத் திறக்க வேண்டும். கல்லடிக் கடற்கரையில் காற்று வீசும்போது மூடியைத் திறந்தால் மணல் நேரே ஸ்பூல் பெயாரிங்குக்குள் போகும். ஆகவே வெளியிலிருந்தே திருப்பக்கூடிய பிறேக் உள்ள றீலையே வாங்குங்கள். காந்த வகை பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

கியர் விகிதம் என்பது கைபிடி ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் எத்தனை முறை சுற்றும் என்பது. வெறும் விகிதத்தைவிட, ஒரு சுற்றில் எவ்வளவு நூல் வருகிறது என்பதே கையில் தெரியும் கணக்கு. 34 மி.மீ. விட்டமுள்ள ஸ்பூலின் சுற்றளவு கிட்டத்தட்ட 10.7 சென்ரிமீற்றர். விகிதம் 7.4 என்றால் ஒரு சுற்றுக்கு 79 சென்ரிமீற்றர் வரும், 6.2 என்றால் 66. ஆனால் நூல் போகப்போக ஸ்பூல் மெலியும். நூல் மட்டம் 28 மி.மீ. ஆகும்போது அதே 7.4 றீல் ஒரு சுற்றுக்கு 65 சென்ரிமீற்றர்தான் எடுக்கும். பாதி நூலோடு இருக்கும் ஸ்பூலில் வேகமும் குறையும், வீச்சுத் தூரமும் குறையும்.

களப்புக்கு 7-ஐ ஒட்டிய விகிதம் பொருத்தம். முகத்துவாரத்தில் நீரோட்டம் லூரை உங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். தொய்வை உடனே எடுக்காவிட்டால் மீன் கடித்ததே தெரியாது. கண்டல் ஓரத்தில் கொளுவிய மீனைத் திருப்பவும் வேகம் வேண்டும். 8-க்கு மேல் போனால் வேறு பிரச்சினை. ஆழமாக மூழ்கும் பெரிய உதடுள்ள லூரை இழுக்கும்போது ஒவ்வொரு சுற்றும் கைக்குப் பாரமாகும். அந்த லூரைத்தான் அதிகம் பாவிப்பீர்கள் என்றால் 5.5 முதல் 6.3 வரை தேடுங்கள்.

இடக்கையா வலக்கையா என்பதை பெட்டியிலுள்ள இலக்கத்திலேயே பார்க்கலாம். ஷிமானோவில் 150, 200 வலக்கைச் சுற்று. 151, 201 இடக்கைச் சுற்று. டைவாவில் இலக்கத்தின் பின்னே வரும் எழுத்துகள் 'எல்' என்று முடிந்தால் இடக்கை. அபு கார்சியாவின் உருண்டை றீலில் 6500 வலது, 6501 இடது. பெய்ட்காஸ்டரில் கைபிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முடியாது, ஆகவே காசு கொடுக்க முன்னரே பாருங்கள். வலக்கையால் வீசுகிறவர் இடக்கைச் சுற்று வாங்கினால் வீசிய பிறகு தடியைக் கை மாற்றத் தேவையில்லை. கொடுவா பெரும்பாலும் லூர் விழுந்தவுடனேயே அடிக்கும் என்பதால் அந்த ஒரு வினாடிக்கு மதிப்பு உண்டு.

களப்புக்குள் ஷிமானோ 150, டைவா 100 அளவு போதும். ஒலுவில் கல்லணையிலோ முகத்துவாரத்துக் கடற்பக்கத்திலோ பெரிய பாரையைத் தேடுகிறவர்களுக்கு 200, 300 அளவு. பெரிய பாரை நீண்ட தூரம் ஓடும். அதற்கு நூலின் நீளம் வேண்டும்.

நூல்: இறாத்தலை அல்ல, மில்லிமீற்றரைப் பாருங்கள்

தங்கூசி என்று நாம் சொல்லும் நைலோன் நூல் இழுபடும், தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் பழுதாகும். அப்படியிருந்தும், பெய்ட்காஸ்டர் வீசப் பழகுகிறவர் முதல் மாதம் 0.30 முதல் 0.33 மி.மீ. வரையான தங்கூசியில் பழகுவதே நல்லது. சிக்குப்பட்டால் எடுக்க இலகு, பழுதானால் வெட்டி எறிய மனம் நோகாது.

பிறகு பிறெய்ட் எனும் பின்னல் நூல். இழுபடாது, ஒரே பலத்துக்கு நைலோனைவிட மிக மெல்லியது, நீரில் மிதக்கும். எட்டு இழை வழுவழுப்பாக இருக்கும், வளையத்தில் சத்தம் குறைவு. நான்கு இழை கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் ஒவ்வொரு இழையும் தடிப்பு என்பதால் சிப்பியில் உரசினாலும் கூடுதலாகத் தாங்கும். கண்டலுக்கும் பாலத்தூணுக்கும் நான்கு இழையையே சிபாரிசு செய்யலாம்.

ஸ்பின்னிங் றீலில் பாவித்த அதே மெல்லிய பிறெய்டை பெய்ட்காஸ்டரில் ஏற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. நூல் 0.20 மி.மீ.க்குக் குறைந்தால், மீன் இழுக்கும்போதோ லூர் சிக்கி நீங்கள் இழுக்கும்போதோ மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளின் இடுக்கில் புதைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த வீச்சில் லூர் பாதித் தூரம் போனதும் புதைந்த இடம் வரும். ஸ்பூல் சடாரென்று நிற்கும். லூர் நூலை அறுத்துக்கொண்டு தனியே பறக்கும். களப்புக்கு 0.23 முதல் 0.28 மி.மீ. வரையான பிறெய்ட் பாவியுங்கள். ஜப்பானிய அளவில் இது பிஈ 2 முதல் 3 வரை. பலம் 30 முதல் 50 இறாத்தல் வரை எழுதியிருக்கும். அவ்வளவு பலம் தேவையில்லை, அந்தத் தடிப்புத்தான் தேவை.

மலிவான பிறெய்டில் 0.20 என்று எழுதியிருப்பது உண்மையில் 0.30 ஆகவும் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும். நூலைப் பென்சிலில் இடைவெளி இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், 20 சுற்றுச் சுற்றி அடிமட்டத்தால் அகலத்தை அளவுங்கள். 4.7 மி.மீ. வந்தால் நூல் 0.235. 6 மி.மீ. வந்தால் 0.30. பிறெய்ட் சற்றுத் தட்டையாகும் என்பதால் நுணுக்கமான அளவு கிடைக்காது, ஆனால் பொய்யைப் பிடிக்க இது போதும்.

இப்போது ஸ்பூல் கணக்கு. றீலில் 0.30 மி.மீ. நூல் 120 மீற்றர் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூலின் கொள்ளளவு தடிப்பின் வர்க்கத்துக்கு எதிராக மாறும். 0.30-ஐ 0.235-ஆல் பிரித்து வர்க்கமாக்கினால் 1.63, 120-ஐ அதனால் பெருக்கினால் 195. ஆக அந்தப் பிறெய்ட் ஏறத்தாழ 195 மீற்றர் ஏறும். நீங்கள் வாங்கியது 150 மீற்றர் என்றால் 45 மீற்றர் பிறெய்டுக்குரிய இடம் மிஞ்சும். அதை 1.63-ஆல் பிரித்தால் 28. அதாவது 0.30 தங்கூசி 28 மீற்றரை முதலில் அடியில் சுற்றிவிட்டு அதன்மேல் பிறெய்டை ஏற்றுங்கள். காசும் மிச்சம், வேறொரு நன்மையும் உண்டு: பிறெய்டை நேரே வழுவழுப்பான ஸ்பூலில் கட்டினால் மொத்த நூலும் ஒரே கட்டாக ஸ்பூலைச் சுற்றி வழுக்கும். டிறாக் (மீன் பலமாக இழுத்தால் ஸ்பூலை வழுக்கவிடும் பிடி) கெட்டுவிட்டது என்று நினைத்து றீலைத் திருத்தக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அடியில் தங்கூசி இருந்தால் அது நடக்காது.

ஏற்றும்போது ஈரத்துணியால் நூலை இறுக்கிப் பிடித்து, பிடித்த விரல் சூடாகும் அளவுக்கு இழுவை கொடுத்துச் சுற்றுங்கள். தொளதொளப்பாகச் சுற்றிய பிறெய்ட் முதல் பெரிய மீனிலேயே புதையும். ஸ்பூலின் விளிம்புக்கு 1 முதல் 1.5 மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் ஓர நூல் பக்க இடுக்குக்குள் விழுந்து சட்டத்துக்கும் ஸ்பூலுக்கும் நடுவில் மாட்டும்.

லீடர்

பிறெய்டை நேரே லூரில் கட்ட வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் லீடர் எனும் தடித்த நூல்துண்டு வேண்டும். கொடுவாவின் வாய் அரத்தாள் போன்றது, செவுள் மூடியின் ஓரம் கத்தி. புளோரோகார்பன் லீடர் உரசலைத் தாங்கும், நீரில் தாழும், கண்ணுக்கும் குறைவாகத் தெரியும். திறந்த நீரில் 30 இறாத்தல், அதாவது 0.50 மி.மீ. அளவு, கண்டல், சிப்பி இருந்தால் 40 இறாத்தல், 0.57 அளவு. நீளம் 60 முதல் 90 சென்ரிமீற்றர். அதைவிட நீளமாக்கினால், வீசத் தயாராகும்போது முடிச்சு றீலின் நூல் வழிகாட்டியை நெருங்கும். அந்தச் சின்னத் துளையில் முடிச்சு ஒவ்வொரு வீச்சிலும் தட்டினால் முதலில் தூரம் போகும், பிறகு முடிச்சே போகும்.

பிறெய்டையும் லீடரையும் இணைக்கும் எப்ஜி முடிச்சு வளையங்களில் தட்டாமல் போகும். பிறெய்டை விறைப்பாகப் பிடித்து, லீடரின் நுனியை அதன் மேலும் கீழுமாக மாறி மாறி 20 முறை பின்னி, இரண்டையும் சேர்த்து நான்கைந்து அரைமுடிச்சுப் போட்டு, நனைத்து, பின்னலின் நிறம் கருமையாகும் வரை இழுத்து இறுக்குங்கள். நிறம் மாறாவிட்டால் பிறெய்ட் லீடரைக் கடிக்கவில்லை, மீனில் வழுக்கும். பிறகு லீடரின் மிச்சத்தை ஒட்ட வெட்டி, பிறெய்டில் மட்டும் இன்னும் சில அரைமுடிச்சுகள். வள்ளத்தில் ஆடிக்கொண்டு இதைப் போட முடியாவிட்டால் இரட்டை யூனி முடிச்சு போதும். பிறெய்டுப் பக்கம் 8 சுற்று, லீடர்ப் பக்கம் 4 சுற்று.

சீலா அதிகமாக ஓடும் நாளில் 15 சென்ரிமீற்றர் மெல்லிய கம்பி லீடர் சேர்க்கலாம். கொடுவாவுக்குக் கம்பி வேண்டாம், லூரின் ஆட்டம் கெடும்.

முதல் வீச்சுக்கு முன்

பாவிக்கப்போகும் லூரையே கட்டுங்கள். லூர் மாறினால் இதை மறுபடி செய்ய வேண்டும். தடியை உயர்த்திப் பிடித்து, லூரை நுனியிலிருந்து சற்று இறக்கி, பெருவிரல் பட்டனை அமுக்கி விரலை எடுங்கள். லூர் மெதுவாக இறங்க வேண்டும். நிலத்தைத் தொட்ட கணமே ஸ்பூல் நிற்க வேண்டும். தொட்ட பிறகும் ஸ்பூல் சுழன்று நூல் மேலே பொங்கினால் கைபிடிப் பக்கத்துச் சின்னக் குமிழை இறுக்குங்கள். லூர் இறங்காமல் தொங்கினால் தளர்த்துங்கள். அடுத்து பிறேக்கைக் கூடிய அளவில் வைத்துப் பத்து வீச்சு. சிக்கு இல்லையென்றால் ஒரு படி குறைத்து மறுபடி பத்து.

சிக்கு ஏன் வருகிறது என்று தெரிந்தால் அதைத் தடுப்பது இலகு. லூர் கிளம்பும்போது மிக வேகம். காற்றில் போகப்போக வேகம் குறைகிறது. ஸ்பூல் மட்டும் பழைய வேகத்தில் சுழன்றுகொண்டே நூலை வெளியே தள்ளுகிறது. போக இடமில்லாத அந்த நூல்தான் சிக்கு. தொடக்கத்தில் பிறேக் பிடிக்கும், நடுவில் பெருவிரல் லேசாகத் தடவும், லூர் நீரைத் தொடும்போது பெருவிரல் முழுதாக நிறுத்தும். இந்த மூன்றில் கடைசியை மறப்பவர்கள்தான் அதிகம்.

காற்றையும் பாருங்கள். கிழக்கு நோக்கிய நம் கரையில் கச்சான் காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும். பிறேக்கைக் குறைத்துத் தூரம் எடுக்கலாம். வாடை முகத்தில் அடிக்கும். லூரை அது நடுவானில் நிறுத்தும். அப்போது பிறேக்கை இரண்டு படி கூட்டி, தடியைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசுங்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்தாலும் இதே கதைதான்.

டிறாக்கை இறுக்கித் தளர்த்துவது கைபிடியின் கீழே உள்ள நட்சத்திரச் சக்கரம். விரலால் இழுத்துப் பார்த்து வைக்கும் இறுக்கம் எப்போதும் பிழைக்கும். லூரின் இடத்தில் மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கொளுவி, தடியை நூலுக்கு நேராகப் பிடித்து ஒருவர் இழுக்க, ஸ்பூல் வழுக்கத் தொடங்கும் பாரத்தைப் பாருங்கள். நூல், முடிச்சு, லீடர் மூன்றில் எது பலம் குறைந்ததோ அதில் கால்வாசி சரியான அளவு. 30 இறாத்தல் லீடர் என்பது 13.6 கிலோ, கால்வாசி 3.4 கிலோ. தடியில் 20 இறாத்தல் வரை என்று எழுதியிருந்தால் 2.3 கிலோவோடு தொடங்குங்கள். மீதியைப் பெருவிரல் பார்த்துக்கொள்ளும். பெட்டியில் 10 கிலோ டிறாக் என்று எழுதியிருந்தாலும் களப்பில் அதற்கு வேலை இல்லை. வழுக்கத் தொடங்கும் கணத்தில் திணறாமல் மெதுவாக விடுகிறதா என்பதே முக்கியம். கார்பன் வட்டு போட்டவை அப்படி விடும்.

லூர் அடியில் சிக்கினால் தடியை வளைத்து இழுக்க வேண்டாம், ஸ்பூலை விரலால் பூட்டி இழுக்கவும் வேண்டாம். பெயாரிங்கும் ஸ்பூல் தண்டும் அதில்தான் கெடுகின்றன. நூலை ஒரு தடித்த கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி, அந்தக் கட்டையைப் பிடித்து நேரே இழுங்கள். கையில் சுற்றினால் பிறெய்ட் சதையை வெட்டும். லூரை எடுக்க நீருக்குள் இறங்குவதும் வேண்டாம். வாவியில் முதலை உண்டு.

வீட்டுக்கு வந்தபின்

உப்பு காய முன்னர் கழுவ வேண்டும். முதலில் டிறாக்கை இறுக்குங்கள், தண்ணீர் வட்டுகளுக்குள் போகாமல் இருக்க. பிறகு சொட்டுச் சொட்டாக ஊற்றும் நன்னீரில் கழுவுங்கள். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் வெளியே இருக்கும் உப்பை உள்ளே தள்ளுவீர்கள். கரையோரக் கிணறுகளில் கோடையில் நீர் உவர்க்கும். நாக்கில் வைத்துப் பாருங்கள், உவர்த்தால் குடிக்கிற தண்ணீரிலேயே ஒரு போத்தல் எடுத்துக் கழுவுங்கள். துடைத்து, டிறாக்கை முழுதாகத் தளர்த்தி, நிழலில் காயவிடுங்கள். இறுக்கிய நிலையில் வைத்தால் வட்டுகள் ஒன்றோடொன்று அமுங்கி, அடுத்த முறை திணறும்.

நூல் வழிகாட்டியைக் கொண்டு திரியும் திருகுத்தண்டைக் கூர்ந்து பாருங்கள். அதன் வரிப்பள்ளத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ பசை போல ஒன்று படிந்திருக்கும்: பழைய கிறீஸ், உப்பு, மணல் மூன்றும் சேர்ந்தது. கைபிடி கரகரவென்று சுற்றுவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். பழைய பற்தூரிகையால் தேய்த்தெடுத்து, புதிய கிறீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். ஸ்பூல் பெயாரிங்குக்குப் பக்கத்துக்கு ஒரு துளி றீல் ஒயில், அதற்கு மேல் வேண்டாம். கைபிடி பின்னோக்கிச் சுற்றாமல் பிடிக்கும் பெயாரிங்குக்குள் கிறீஸ் போகவே கூடாது. போனால் கொளுவ இழுக்கும்போது கைபிடி பின்னால் வழுக்கும்.

பிறெய்டின் நிறம் வெளுப்பது பழுது அல்ல, சாயம் போவதுதான். பஞ்சு பஞ்சாக மயிர் எழும்பினால்தான் அந்தப் பகுதியை வெட்ட வேண்டும். 150 மீற்றரில் வீச்சுக்குப் போவது முன் 50 மீற்றர்தான், உள்ளே இருப்பது புதிதாகவே கிடக்கும். ஆகவே முன்பகுதி தேய்ந்ததும் பிறெய்ட் முழுவதையும் வேறொரு ஸ்பூலுக்கு மாற்றி, நுனியும் அடியும் இடம் மாறும்படி திருப்பி ஏற்றுங்கள். அதே நூல் இன்னொரு பருவம் ஓடும்.